கேட்டு வாங்க முடியாத நீலம்

கோர்பிவாராவில் குளிர்காலம் முதலில் கடைக்குத்தான் வரும். செப்டம்பர் கடைசியில் ஹில்கா தன் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் கீழ்த்தட்டைக் காலி செய்து, நீல நிறத் திரவம் நிரம்பிய கேன்களை அங்கே அடுக்கிவிடுவாள். காரின் முன்கண்ணாடியைக் கழுவும் தொட்டியில் ஊற்றுவது அது. கோடையில் அந்தத் தொட்டிக்கு வெறும் தண்ணீர் போதும். உறைபனி விழுந்தபின் தண்ணீர் உதவாது. சாராயம் கலந்த இந்தத் திரவம்தான் உறையாமல் ஓடும். ஊரில் யாரும் அதை முழுப்பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "நீலம் ஒண்ணு" என்றால் ஹில்கா குனிந்து எடுத்துத் தருவாள்.

மற்ற சாமான்களெல்லாம் வாங்குகிறவர் கைக்கெட்டும் தட்டுகளில் இருந்தன. நீலம் மட்டும் கல்லாவுக்குப் பின்னால் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தின் பெயர் தைஸ்தோ கெரானன்.

தைஸ்தோ அந்த ஊரிலேயே பிறந்தவன். பள்ளி முடிந்ததும் ரம்பத்தோடு காட்டுக்குள் போனவன், பிறகு மரம் ஏற்றும் லாரிக்கு ஓட்டுநரானான். கயானி நகரத்துக்கும் எல்லைக் காடுகளுக்கும் இடையில் அவன் ஓட்டாத பாதை இல்லை. வண்டியைப் பேணுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. இலையுதிர் காலத்தில் புதிய ஓட்டுநர்களைக் கூப்பிட்டு, "தொட்டிய ரொப்பிட்டா வேல முடிஞ்சுதுன்னு நெனைக்காத. குழாய்க்குள்ள கோடத் தண்ணி நிக்கும். கண்ணாடியில நீலம் வர்ற வரைக்கும் அழுத்து" என்று சொல்வதும் அவன்தான்.

குடி எப்போது பிடித்தது என்று அவனாலேயே சொல்ல முடியாது. பிடித்த பின் அவனுக்குப் பகையானது ஞாயிற்றுக்கிழமை. சாராயம் விற்கும் அரசுக் கடை கயானியில்தான். சனிக்கிழமை மதியம் அது மூடிவிட்டால் திங்கள் காலைதான் திறக்கும். நீலமோ ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காருக்குள் இருந்தது. குடிக்கக் கூடாது என்பதற்காகவே அதில் கசப்பைக் கலந்திருப்பார்கள். தைஸ்தோ குடித்தான்.

ஒரு பிப்ரவரி காலையில், கடை முற்றத்தில் நின்ற தொலோனன் வீட்டுக் காரின் தொட்டியிலிருந்து அவன் நீலத்தை உறிஞ்சி எடுத்தான். தெரியாமலிருக்க அந்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றி வைத்தான். அன்று அடித்த குளிரில் தண்ணீர் உறைந்து தொட்டி வெடித்தது. முற்றத்துப் பனியில் அவன் காலடி மட்டுமே இருந்தது. அன்றைக்குத்தான் ஹில்கா கேன்களைக் கல்லாவுக்குப் பின்னால் மாற்றினாள். மறுநாள் அவன் மனைவி அவ்னே கடைக்கு வந்து ஹில்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அவன் என்ன சொன்னாலும் சரி, எப்படிக் கெஞ்சினாலும் சரி, இத மட்டும் அவன் கையில குடுக்காத" என்றாள். ஹில்கா வாக்குக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் சிறிது காலம் குடித்துவிட்டு, குடிநோய் இல்லம் ஒன்றில் கிடந்து, தைஸ்தோ ஒரேயடியாக விட்டான். விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் காலத்தை ஊரில் யாரும் அவன் காதுபட எடுப்பதில்லை. ஆனால் கேன்கள் பழைய இடத்துக்குத் திரும்பி வரவும் இல்லை. யாரும் அதை ஏன் என்று கேட்காத அளவுக்கு அது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ரொட்டி மாவோடும் ஈஸ்டோடும் சேர்த்து அவ்னே ஒரு கேன் வாங்கி வருவாள். கொட்டகையில் வைப்பாள். அவன் காருக்கு ஊற்றுவான். இதைப் பற்றிக் கணவனும் மனைவியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வயதானவர்களை ஏற்றிச் செல்ல ஊர்த் திருச்சபை ஒரு வேன் வாங்கியபோது, சபை அலுவலகத்தில் வேலை பார்க்கும் மாரித் நேராகத் தைஸ்தோவிடம் வந்தாள்.

"எங்களுக்கு ஒரு ஓட்டுநர் வேணும். நீங்க ஓட்டுறீங்களா?"

"என்னையா கேக்குற?"

"உங்களத்தான். வேற யாரு இருக்கா, ரெய்னோவா? அவன் டிராக்டர ஓட்டுறதப் பாத்தாலே கோயில் மணி தானா அடிக்குது."

அன்று இரவு தைஸ்தோ தூங்கவில்லை. இந்த ஊர் தன் தாய்களை அவன் கையில் கொடுக்கிறது என்பதை அவனால் நம்ப முடியவில்லை. அதன்பின் வியாழக்கிழமைதோறும் கயானிக்குப் போனான். மருத்துவமனை, மருந்துக்கடை, பிறகு உணவகத்தில் பட்டாணி சூப்பும் அப்பமும். பின்னால் உட்கார்ந்தால் வயிற்றைப் பிரட்டும் என்று எல்லி தொலோனன் எப்போதும் அவன் பக்கத்தில் முன் இருக்கையில் உட்காருவார். அன்று தொட்டி வெடித்த காருக்குச் சொந்தக்காரரின் மனைவி அவர்; இப்போது கணவர் இல்லை. தொட்டியைப் பற்றி ஒருநாளும் அவர் வாய் திறந்ததில்லை. அவருக்குப் பெல்ட் மாட்டிவிடும்போதெல்லாம் தைஸ்தோ அதற்காக மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வான்.

இந்த ஆண்டு அக்டோபரில் அவ்னேவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆயிற்று. கயானி மருத்துவமனையில் பல வாரம் இருக்க வேண்டியதாயிற்று. நீலம் வாங்க ஆள் இல்லை.

தைஸ்தோ கடைக்குப் போனான். கடைக்குள் சன்னலோரம் ஒரு மேசை உண்டு. காலையில் அங்கே காப்பி குடிக்க ரெய்னோவும் ஒன்னியும் இன்னும் சிலரும் உட்கார்ந்திருப்பார்கள். கல்லாவின் முன் நின்றவனுக்கு அந்த மேசையில் பேச்சு அடங்கிவிட்டது போலத் தோன்றியது. உண்மையில் அடங்கவில்லை.

"என்ன வேணும் தைஸ்தோ?" என்றாள் ஹில்கா.

"காப்பித்தூள்."

இரண்டு நாள் கழித்து மறுபடி போனான். மறுபடியும் காப்பித்தூளோடு வந்தான். நான்காம் முறை ரெய்னோ, "என்னப்பா, அவ்னே இல்லன்னு காப்பியிலயே குளிக்கிறியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தைஸ்தோவும் சிரித்தான். வீட்டு அலமாரியில் பாக்கெட்டுகள் சுவர் போல எழும்பின.

கயானியில் பெட்ரோல் நிலைய வாசலிலேயே நீலக் கேன்களைக் குவித்து வைத்திருப்பார்கள். எடுத்துப்போய்க் காசு கொடுத்தால் முடிந்தது; அங்கே அவனை யாருக்கும் தெரியாது. அவ்னேவைப் பார்க்கப் போன நாளில் அங்கே நிறுத்தினான். கேனின் பிடியில் கை வைக்கும் நேரம், டிராக்டருக்கு ஏதோ உதிரிபாகம் வாங்க வந்த ரெய்னோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். தைஸ்தோவின் கை கேனைத் தாண்டிப் பக்கத்து அடுக்கிலிருந்த செய்தித்தாளை எடுத்தது. அடுத்த முறை அங்கே ஒன்னியின் தங்கை நின்றிருந்தாள். அன்றும் செய்தித்தாள்தான்.

இத்தனைக்கும் அவன் அதைக் குடிக்க நினைக்கவில்லை. அந்த ஆசை செத்துப் பல காலம் ஆகிறது. அந்தக் கேனைக் கையில் பிடித்தபடி தன்னை ஒருவர் பார்ப்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பார்ப்பவர் முகத்தில் ஒரு கணம், ஒரே கணம், அந்தக் கேள்வி ஓடி மறையும். அதைப் பார்ப்பதை விடக் கண்ணாடி அழுக்காக இருப்பது மேல் என்று நினைத்தான்.

நவம்பர் தொடக்கத்தில் மாரித் வேன் பக்கம் வந்தாள்.

"டயர் மாத்திட்டீங்களா?"

"மாத்தியாச்சு."

"நீலம்? குளிர்காலத்துக்கு எல்லாம் ரெடிதானே?"

வாங்கவில்லை, நீ வாங்கிக் கொடு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் சபைக் கணக்கில் எழுதி வாங்கிக் கொடுத்திருப்பாள். நான்கு சொல் போதும். அவன் ஒரே சொல்தான் சொன்னான்.

"ரெடி."

அன்று மாலை கொட்டகையில் தேடினான். போன ஆண்டு அவ்னே வாங்கிய கேனின் அடியில் கொஞ்சம் மீதி கிடந்தது. வேனின் தொட்டியிலிருந்த தண்ணீரில் அதைக் கலந்தான். லேசான குளிருக்குத் தாங்கும், கடும் குளிருக்குத் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். அவனை விட நன்றாக அது யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை கயானிக்குப் போகிறோமே, எல்லாரும் மருத்துவமனையில் இருக்கும்போது சாவகாசமாக ஒரு கேன் வாங்கி ஊற்றிவிடலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டான். வானொலியும் லேசான குளிர் என்றுதான் சொன்னது.

வியாழன் காலை ஏரிப் பள்ளத்தில் குளிர் இறங்கி உட்கார்ந்திருந்தது. வண்டியில் அவனைத் தவிர நான்கு பேர். முன்னால் எல்லி. ஊர்ச் சாலை இறுகிய வெள்ளைப் பனி. கண்ணாடியில் ஒரு பொட்டு அழுக்கும் விழவில்லை. பெரிய சாலையில் ஏறியதும் கதை மாறியது. அங்கே உப்புத் தூவியிருந்தார்கள். உப்பில் கரைந்த பனி பழுப்புச் சேறாகிக் கிடக்க, முன்னால் போன மரலாரி அதை வாரி இறைத்தது.

"பாரு, சேத்த எல்லாம் நம்ம மூஞ்சியிலயே கொட்டுறான்" என்றார் எல்லி. "உன் ஆளுங்கதானே."

"என் ஆளுங்க இல்லம்மா. நான் ஓட்டினப்ப பின்னாடி வர்றவனப் பாத்து ஓட்டுவேன்."

"ஆமா, பாத்த. சரி, கண்ணாடியக் கழுவு. எனக்கே ஒண்ணும் தெரியல."

அவன் வேகத்தைக் குறைத்து லாரியைத் தள்ளிப் போகவிட்டான். வெறும் வைப்பரை ஓட்டினான். சேறு கண்ணாடி முழுக்கப் பட்டையாக இழுபட்டது. அந்த நேரம் பார்த்துச் சூரியன் காட்டுக்கு மேல் தலை நீட்டி நேர் எதிரே நின்றது. பழுப்புப் பட்டைகள் எல்லாம் ஒளி ஏறி எரிந்தன. சாலை தெரியவில்லை.

"கழுவேன்ப்பா" என்றார் எல்லி.

அழுத்தினான். நீர் வந்தது. ஒரு கணம் கண்ணாடி தெளிந்து, சாலையும் மரங்களும் துலக்கமாகத் தெரிந்தன. அடுத்த கணம் ஓரங்களிலிருந்து வெள்ளை படர்ந்து நடுவில் வந்து சேர்ந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது.

தைஸ்தோ பதறவில்லை. பிரேக்கை மெதுவாக மிதித்து, நினைவில் இருந்த சாலையில் வண்டியை நிறுத்தப் பார்த்தான். சாலை அங்கே இடப்பக்கம் வளைகிறது. அவன் நினைவில் வளைவு இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. வேன் மெல்லச் சாய்ந்து ஓரப் பள்ளத்துப் பனியில் இறங்கிப் படுத்தது. பின்னால் யாருக்கும் காயமில்லை. எல்லி முன்பலகையில் கையை ஊன்றியிருந்தார். அவர் மணிக்கட்டு முறிந்தது.

போலீஸ் வந்ததும் முதலில் தைஸ்தோவை ஊதச் சொன்னார்கள். ஊதினான். கருவி பூஜ்யத்தைக் காட்டியது. இளம் போலீஸ்காரர் கண்ணாடியைச் சுரண்டிப் பார்த்தார். முன்மூடியைத் திறந்து, தொட்டியின் மூடியைக் கழற்றி மூக்கை வைத்தார்.

"இதுல வாசனையே இல்லையே. வெறும் தண்ணியா?"

தைஸ்தோ மூடியை அவரிடமிருந்து வாங்கித் திருகி மாட்டினான். சாலையோரம் போர்வை போர்த்தி நின்ற மூன்று கிழவிகளும் அதைக் கேட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, தைஸ்தோ மறுபடி ஆரம்பித்துவிட்டான், சபை வண்டியின் நீலத்தைக் குடித்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறான், அன்று தொலோனன் காருக்குச் செய்ததையே செய்திருக்கிறான் என்று. காலையில் ஊதியபோது பூஜ்யம்தானே என்று ஒருவர் கேட்டதற்கு, குடித்தது வார இறுதியில் என்று இன்னொருவர் விளக்கம் சொன்னார்.

மறுநாள் மாரித் ஏலக்காய் பன்னோடு அவன் வீட்டுக்கு வந்தாள். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"வண்டி ரெடியான்னு நான் உங்களக் கேட்டேன்."

"கேட்ட."

"ரெடின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்ப நீலம் எங்க போச்சு தைஸ்தோ?"

அவன் சன்னலைப் பார்த்தான். மாரித் பன்னை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு அவள் குரல் மிருதுவாகிவிட்டது. "சாவிய இப்போதைக்கு நான் வச்சுக்கிறேன். நம்ம ஒய்வா இருக்கானே, அவன் ஓட்டுவான்" என்றாள். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தாள். குடிநோய் இல்லத்தின் தொலைபேசி எண். "யாருக்கும் நடக்கறதுதான். நாங்க யாரும் உங்களக் குறைச்சு நெனைக்கல."

தைஸ்தோ சீட்டை வாங்கிக்கொண்டான். அதுதான் அவனுக்குப் பின்னால் அதிகம் உறுத்தியது. வாங்கும்போது அவனுக்கு வெட்கத்தோடு ஓர் ஆறுதலும் இருந்தது. குடித்துத் தவறினவனுக்கு இந்த ஊரில் ஓர் இடம் தயாராக இருந்தது. பன்னும் பரிவும் இருந்தன. வாய் திறக்காமல் இருந்தால் போதும், அந்த இடத்தில் அவன் போய் உட்கார்ந்துகொள்ளலாம். சில மாதம் தலை குனிந்து நடந்தால் சாவியும் ஒருவேளை திரும்ப வரும். உண்மையைச் சொன்னால்? ஒரு கேனைக் கேட்டு வாங்கக் கூசியதால் நான்கு பேர் உயிரோடு விளையாடினேன் என்று எந்த வாயால் சொல்வது?

சனிக்கிழமை அவ்னே மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். எடுத்ததும் கேட்டாள்.

"குடிச்சியா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல."

"எனக்குத் தெரியும். உன் வாயால கேக்கணும்னுதான்." அவள் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அவன் சொன்னான். காப்பித்தூளில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான்.

"நான் வாங்கிக் குடுத்தே உன்னக் கெடுத்துட்டேன்" என்றாள் கடைசியில். "ஹில்காவுக்கு நான் போன் பண்ணிச் சொல்லவா?"

"வேண்டாம்."

"சரி. நீ பொறுமையா இரு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. பக்கத்துக் கட்டில்ல நம்ம ஊர்க்காரி ஒருத்தி இருக்கா. நேத்துலேர்ந்து அவளோட பழத்துல பாதிய எனக்கு வெட்டித் தர்றா. நீ குடிச்ச காலத்துல பாவம் பாத்து எனக்கு எல்லாரும் எப்படித் தருவாங்களோ அப்படி. நான் வாங்கித் தின்னேன். அவ மனசு நோகக் கூடாதே."

தைஸ்தோ தன் வெட்கத்தைத் தான் மட்டும் சுமப்பதாக நினைத்திருந்தான். அதில் பாதியை, கால் ஊன்ற முடியாமல் படுத்திருப்பவள் தலையில் இறக்கி வைத்திருக்கிறான்.

திங்கள் காலை, மேசை நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனான். ரெய்னோ இருந்தான், ஒன்னி இருந்தான். மேசையின் முனையில், கையில் மாவுக்கட்டோடு எல்லியும் இருந்தார். அதை அவன் எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கதவு அவனுக்குப் பின்னால் மணியடித்து மூடிக்கொண்டது.

இந்த முறை பேச்சு உண்மையிலேயே அடங்கியது.

"காப்பித்தூளா?" என்றாள் ஹில்கா.

"இல்ல. நீலம் ஒண்ணு."

ஹில்கா இரண்டு கைகளையும் கல்லா மேல் வைத்தாள். "யாருக்கு?"

"காருக்கு."

"குடிச்ச காலத்துலயும் இதையேதான் சொன்னான்" என்றான் ஒன்னி, காப்பிக் கோப்பைக்குள்.

"நான் அவ்னேவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் தைஸ்தோ" என்றாள் ஹில்கா. "அத அவ இன்னும் திருப்பி வாங்கல. உனக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் இத்தன நாளா கேக்கல." அவன் மேசைப் பக்கம் திரும்பினான். எல்லியின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் கைக்கட்டைப் பார்த்துப் பேசினான். "வேன்ல தண்ணிதான் இருந்துச்சு. ஆனா நான் குடிக்கல. நீலம் வாங்கவே இல்ல. இங்க வந்து கேக்க எனக்கு வாய் வரல. ஒவ்வொரு தடவையும் காப்பித்தூள் வாங்கிட்டுப் போனேன். கயானியில ரெண்டு தடவ வாங்கப் போயி, நம்ம ஊர் ஆளப் பாத்ததும் விட்டுட்டு வந்தேன். பழைய மீதியத் தண்ணியில கலந்து ஊத்தினேன். அது தாங்காதுன்னு தெரியும். மாரித் கேட்டப்ப ரெடின்னு பொய் சொன்னேன்."

குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"அதான பாத்தேன்" என்றான் ரெய்னோ மெதுவாக. "வீட்டுக்குத் தபால்ல வர்ற பேப்பர இவன் ஏன் கயானியில காசு குடுத்து வாங்குறான்னு."

"நீ சும்மா இரு" என்றார் எல்லி. பிறகு தைஸ்தோவிடம், "அப்ப, ஹில்கா மூஞ்சியப் பாக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு எங்க நாலு பேரையும் பள்ளத்துல எறக்கிட்ட."

"ஆமா."

"நீ குடிச்சிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும் கெரானன். எங்கண்ணனும் அப்படித்தான் போனான். அது நோய்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். இத நான் என்னன்னு எடுத்துக்க?"

"எடுத்துக்க ஒண்ணும் இல்லம்மா. தப்புதான்."

எல்லி கட்டில்லாத கையால் கோப்பையைத் தட்டில் திருப்பி வைத்தார்.

ஹில்கா தொலைபேசியைக் கல்லா மேல் இழுத்து வைத்து எண்ணைச் சுழற்றினாள். எல்லார் முன்னாலும்தான் பேசினாள். "அவ்னேவா? ஹில்கா. இங்க உன் வீட்டுக்காரன் நிக்கிறான். நீலம் கேக்குறான்." கொஞ்ச நேரம் கேட்டாள். "சொல்லிட்டான். எல்லாத்தையும்... ஆமா, எல்லாரும் இருக்காங்க. எல்லியும்... ம்... ம்... சரி."

அறுபது வயது தாண்டியவன், பொண்டாட்டியின் அனுமதிக்காகக் கடை நடுவில் நின்றான். காது மடல்கள் எரிந்தன. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டான்.

ஹில்கா தொலைபேசியை வைத்தாள். "வாக்கு முடிஞ்சுதாம். இனிமே அவனும் மத்தவங்க மாதிரிதானாம். உங்க எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லச் சொன்னா." குனிந்து ஒரு கேனை எடுத்துக் கல்லா மேல் வைத்தாள். "காப்பித்தூளத் திருப்பியெல்லாம் எடுத்துக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

தைஸ்தோ காசைக் கொடுத்துக் கேனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அவனுடைய பழைய கார் முற்றத்தில் நின்றது. முன்மூடியைத் தூக்கினான். அந்தத் தொட்டியை அவன் முன்பே வடித்துக் காலியாக வைத்திருந்தான். சன்னலுக்குப் பின்னால் மூன்று தலைகள் தெரிந்தன; நிமிர்ந்து பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது. கேனைச் சாய்த்து ஊற்றினான். ஒரு சொட்டு கையுறையில் விழுந்தது. கையுறையைக் கழற்றித் தூரப் பனியில் வைத்துவிட்டு, வெறுங்கையால் ஊற்றி முடித்தான். உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியில் நீலம் வரும்வரை அழுத்தினான்.

இறங்கி வந்து கையுறையை எடுக்கும்போது எல்லி பக்கத்தில் நின்றார். நல்ல கையில் ஒரு துணிப்பை.

"வேன் இந்தக் குளிர்காலம் உனக்குக் கிடையாது. நானே மாரித்கிட்ட சொல்லப் போறேன்."

"அதுதான் சரி."

"சரின்னு சொல்லி முடிச்சிட்டான் பாரு. அந்த ஒய்வாப் பய ஓட்டினா முன்னால உக்காந்தாலும் எனக்கு வயித்தப் பிரட்டும். அத எவன் கேக்கறது." பையை நீட்டினார். "புடி. ஒத்தக் கையில இதத் தூக்கிட்டு என்னால நடக்க முடியாது. வீட்டுல விடு."

அவன் பையை வாங்கிப் பின்னால் வைத்தான். முன்கதவைத் திறந்து பிடித்தான். அவர் உட்கார்ந்ததும் பெல்ட்டை இழுத்து, கட்டுப் போட்ட கையைத் தொடாமல் மாட்டினான்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைச்சுக்காத" என்றார் எல்லி.

"நெனைக்கல."

தேவாலயத்தைத் தாண்டிச் சாலை நேராகும் இடத்தில் எதிரே ஒரு லாரி பனிப்பொடி கிளப்பிக்கொண்டு கடந்து போனது. கண்ணாடி மங்கியது.

"அழுத்து" என்றார் எல்லி. அவர் நல்ல கை முன்பலகையில் ஊன்றியிருந்தது.

அழுத்தினான். நீலம் ஓடியது. வைப்பர் இரண்டு முறை வந்து போனது. சாலை தெரிந்தது, தெரிந்துகொண்டே இருந்தது. எல்லியின் கை முன்பலகையிலிருந்து நகரவில்லை.

பிறகு அந்தப் பழைய வாசனை வந்தது. வெப்பக் காற்று வரும் துளைகள் வழியாக, இனிப்பும் கசப்புமாக, வண்டி முழுவதும் நிறைந்தது. தைஸ்தோ ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான். வாயால் மூச்சு விட்டான். தன் இடப்பக்கத்துச் சன்னலை ஒரு விரல் அளவு இறக்கினான். எல்லி அவனை ஓரக்கண்ணால் பார்ப்பது தெரிந்தது. கழுத்து வரை சூடேறியது.

"குளிருதாம்மா?"

"குளிராம என்ன. முழுசாத் திற."

"உங்களுக்கு..."

"என்கிட்ட சால்வை இருக்கு. திறன்னா திற."

அவன் சன்னலை முழுவதும் இறக்கினான். எல்லி முன்பலகையிலிருந்து கையை எடுத்து, ஒற்றைக் கையால் சால்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தைஸ்தோவின் இடது காது மரத்துப்போயிருந்தது.